இடக்கைச் சுற்று

என் வலக்கையைப் பார்த்து யாராவது "ஐயோ பாவம்" என்று சொன்னால் எனக்கு உடனே கோபம் வந்துவிடும். இதில் பாவம் எங்கே இருக்கிறது? அடைமழையில் எங்கள் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்த்தது. நான் எட்டிப் பிடித்தேன். அது என் கையை வெட்டியது. கடைசிவரை நான் தகரத்தை விடவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ரத்தம் ஒழுகிய கையோடு நான் தொங்கிக்கொண்டு நின்றதால்தான் எங்கள் கோலி அன்று தப்பியது. தாராவியில் கோலி என்றால் ஓர் அறை. அடுப்பு, படுக்கை, சாமி படம், மகனின் கருவிப்பெட்டி எல்லாம் அதற்குள்தான்.

பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். புண் ஆறிவிட்டது, ஆனால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மடங்கவில்லை. நரம்பு அறுந்த இடம் சரியாகச் சேரவில்லை என்றார் டாக்டர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பீடி சுற்றுகிறேன் என்றேன். "அது இனிமே முடியாது," என்று அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் என் வேலை முடியுமா முடியாதா என்பதை அவர் எப்படிச் சொல்லலாம்? அவர் வாழ்நாளில் ஒரு பீடி சுற்றியிருப்பாரா?

நான் பிறந்தது தாராவியில். என் அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கே பெண்கள் பீடி சுற்றுவார்கள், இங்கே வந்தும் அதையேதான் சுற்றினார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மடியில் தட்டு. இன்றைக்கும் எங்கள் சந்தில் பகலில் வந்தால் வாசல் தோறும் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். பீடி கெடுதல் என்று எனக்குத் தெரியாதா? புகையிலைத் தூள் என் நெஞ்சில் ஏறியது போல உபதேசம் சொல்ல வருகிறவர்கள் நெஞ்சில் ஏறியதில்லை. பினாயில் செய்யலாம், காகிதப் பை ஒட்டலாம் என்று ஒரு அம்மா வந்து வகுப்பு எடுத்தார். நாங்களும் செய்தோம். பினாயிலை யாரும் வாங்கவில்லை. எங்கள் சந்து முழுவதையும் கழுவித் தீர்த்தோம். அந்த அம்மா அதற்குப் பிறகு வரவில்லை.

பீடிக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஊறப்போடும் இலையும் தூளும் கடைக்காரர் கொடுப்பார். சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொடர்ந்து வராவிட்டால் உங்கள் பங்கு இலை வேறு ஒருத்திக்குப் போய்விடும். போனது திரும்பி வராது. என் கை கட்டோடு இருந்த நாட்களில் பக்கத்து வீட்டு மதினி தன் பங்கோடு என் பங்கையும் வாங்கிச் சுற்றிக் கொடுத்து என் இடத்தைக் காப்பாற்றினாள். மதினி என்றால் ரத்த உறவு இல்லை. என்னைவிட மூத்தவள், வாய் நீளம், கை அதைவிட வேகம். சுற்றிக் கொடுத்தாளே ஒழிய, ஒவ்வொரு நாளும் திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள்.

என் மகனுக்குச் செம்பூரில் ஏ.சி. ரிப்பேர் கடையில் வேலை. நல்ல பையன், ஆனால் எல்லாவற்றையும் தானே தீர்மானித்துவிடுவான். அவன் அப்பா போன பிறகு அந்தக் குணம் கூடிவிட்டது. கட்டு அவிழ்த்த வாரத்திலேயே பேச்சை எடுத்தான்.

"யம்மா, ஒனக்கு ரெஸ்ட் வேணும். மாமா வீட்டுக்கு ஊருக்குப் போயிரு. நா மாசாமாசம் அனுப்புதேன். காலி பீலி சும்மா இங்க கெடந்து ஏன் கஷ்டப்படணும்?"

"எந்த ஊருலே எனக்கு ஊரு?" என்றேன்.

"நம்ம ஊரு."

"நா பொறந்தது இந்தச் சந்துல. ஒங்க மாமா வீட்டுல போயி ரெண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு, ஒங்க அத்தகாரி போடுத சோத்த வாயத் தொறக்காமத் திங்கணுமா? எனக்கு வாயத் தொறந்துதான் பழக்கம்."

அவன் சிரித்தான். ஆனால் விடவில்லை. சந்தில் எல்லோரும் அவன் பக்கம்தான். ஊர்க் காற்று, ஊர்த் தண்ணீர் என்று ஆளாளுக்கு எனக்கு எடுத்துச் சொன்னார்கள். அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு எல்லோரும் ஏன் இங்கே வந்து குழாயடியில் சண்டை போடுகிறார்கள் என்று நான் கேட்டேன்.

இடக்கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றுவதற்கு ஒரு கை போதாது. ஒரு கை இலையைப் பிடிக்க, மறு கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான் அதை உருட்டி மெலிதாக்கும். என் வலக்கையில் அந்த இரண்டும் குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றன. இலை அவிழ்ந்து தூள் மடியில் கொட்டியது. எடுத்து எடுத்துச் சுற்றினேன், ஒன்றும் பீடியாகவில்லை. மதினி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் திட்டாமல் போனதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

இந்த நிலைமையில்தான் குக்கர் கைப்பிடி கழன்றுவிட்டது என்று லேத்துப் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். அண்ணாச்சிக்கு நாகர்கோவில் பக்கம். பழைய இரும்புக் கடைக்காரர்கள், இங்கே பங்கார்காரர்கள் என்போம், இனம் தெரியாத சாமான் வந்தால் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அன்றைக்கு மாட்டுங்காவில் இடிக்கும் ஒரு பழைய கட்டடத்திலிருந்து வந்த மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மரப்பெட்டி. முழங்கை நீளம், மூடி இல்லை. இரண்டு பக்கச் சுவரிலும் நீளமாகப் பள்ளம் வெட்டி, அந்தப் பள்ளத்தில் ஓடும்படி குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. கம்பியைத் தள்ளப் பித்தளைக் கைப்பிடி. உள்ளே ஒரு முனையிலும் மறு முனையிலும் பித்தளைப் பட்டைக்கு அடியில் நைந்த துணியின் விளிம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒருவர் அப்பளம் தேய்க்கிற மிஷின் என்றார். இன்னொருவர் தலையணை உறை பிழிகிற சாமான் என்றார். பிழிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று அவரை நான் கேட்டேன். குனிந்தேன். நான் வாசனை பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது.

"அண்ணாச்சி, இது பொயிலக்காரன் சாமான்."

"கையில அடிபட்டா மூக்கும் கெட்டுப் போவுமா?" என்று அவர் கிண்டல் செய்தார். கொண்டை ஊசியை எடுத்து மரத்தின் இடுக்கில் கிண்டினேன். பழுப்பாகத் துணுக்குகள் உதிர்ந்தன. அவர் உள்ளங்கையில் வைத்தேன். முகர்ந்தார், தும்மினார், அதோடு விவாதம் முடிந்தது.

சுருட்டு உருட்டுகிற பெட்டி அது. அப்புறம் மகனின் போனில் தேடிப் பார்த்தபோது இதே ஜாதிப் பெட்டிகள் எத்தனையோ காலத்துக்கு முன்பே வெளிநாட்டில் இருந்தன என்று தெரிந்தது. ஆனால் அது எப்படி வேலை செய்யும் என்பது பட்டறைத் தரையில் குந்தியிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு முனைக்கும் நடுவே துணி இருந்திருக்கிறது. விறைப்பாக இல்லை, கொஞ்சம் தொய்வாக. தொய்வில் ஒரு குழி விழும். குழியில் தூளைப் போட்டு இலையை வைத்துக் கம்பியைத் தள்ளினால், துணி தானே மடங்கிச் சுருட்டித் தள்ளிவிடும். விரல் செய்கிற வேலையைத் துணி செய்கிறது.

இதை முதலில் யோசித்தவன் யாரோ. அவனுக்குப் பத்து விரலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். சுற்றுகிற பெண்கள் கூலி அதிகம் கேட்கிறார்கள், அவர்கள் இல்லாமலே சுற்றினால் என்ன என்றுதான் யோசித்திருப்பான். எங்களைப் போன்ற கைகளை வீட்டுக்கு அனுப்பச் செய்த பெட்டி அது. நான் அதை வைத்தே வீட்டுக்குப் போக மாட்டேன் என்று சொல்லப்போகிறேன். அந்த நினைப்பே எனக்குத் தித்திப்பாக இருந்தது.

"எனக்கு இது வேணும் அண்ணாச்சி," என்றேன். பங்கார்காரரிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். குக்கர் கைப்பிடியை இருவருமே மறந்துவிட்டோம்.

துணிதான் முதல் தொல்லை. பழைய பாவாடைத் துணியைப் பட்டைக்கு அடியில் கொடுத்து ஆணி அடித்தேன். இலையின் ஈரம் பட்டதும் அது இலையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு தோல் பை தைக்கிற கடையில் உள்பக்கம் வைக்கிற கித்தானில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். அது நன்றாக உட்கார்ந்தது. சுருட்டுக்கு இருந்த தடித்த கம்பியை மாற்றி மெல்லிசாக ஒன்று கடைந்து தந்தார் அண்ணாச்சி. இலையை வைத்தேன், தூளைத் தூவினேன், இடக்கையால் தள்ளினேன். மறுபக்கம் ஒன்று உருண்டு வந்து விழுந்தது. நான் கத்திய கத்தில் மதினி ஓடி வந்தாள்.

அதை எடுத்துப் பார்த்தாள். உருட்டிப் பார்த்தாள். "இது பீடியாட்டி? சிகரெட்டு. ரெண்டு பக்கமும் ஒரே பருமனா இருக்கு. ஊதுகொழல் மாதிரி."

அவள் சொன்னது சரி. பீடி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்து இருக்க வேண்டும். மெலிந்த பக்கம் வாயில். இதுவோ குழாய் மாதிரி நேராக இருந்தது. அண்ணாச்சிக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. கம்பியை ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் கடைந்து பார்த்தார். அது பள்ளத்தில் கோணலாக ஓடிச் சிக்கிக்கொண்டது. இன்னும் மெல்லிசாகக் கடைந்தார், வளைந்துபோனது. வாடிக்கைக்காரர்கள் காத்து நிற்க, அண்ணாச்சி எனக்குக் கம்பி கடைந்துகொண்டிருந்தார். நானும் அவரும் கம்பியையே முறைத்துக்கொண்டிருந்தோம்.

பதில் கம்பியில் இல்லை. எதிர்க் கோலியில் கைக்குழந்தைக்குப் புடவையில் தூளி கட்டியிருந்தார்கள். ஒரு பக்க முடிச்சு நெகிழ்ந்து, குழந்தை தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மெதுவாகச் சரிந்தது. அதன் அம்மா ஓடி வந்து பிடித்தாள். நான் குழந்தையைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தேன். தொய்வு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது கனம். வீட்டுக்கு ஓடினேன். கித்தானின் ஒரு ஓரத்து ஆணியை மட்டும் பிடுங்கி, அந்தப் பக்கம் ஒரு விரல் அகலம் கூடுதலாகத் தொய்யவிட்டு மறுபடி அடித்தேன். இலையை எங்கள் வழக்கப்படி சாய்வாக வெட்டி வைத்துத் தள்ளினேன்.

ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் மெலிந்து, அச்சு அசலாகப் பீடி வந்தது. நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். அழுகிறபோது கண்ணைத் துடைக்கக் கூடாது, கையில் தூள் என்று தெரியும், ஆனாலும் துடைத்துவிட்டேன். அதற்கும் சேர்த்து அழுதேன்.

மற்ற வேலைகளுக்கும் வழி செய்தோம். அண்ணாச்சி ஒரு கட்டையில் துளை போட்டுத் தந்தார். பீடியை அதில் நிறுத்தி, இடக்கையில் குச்சி பிடித்துப் பருத்த முனையை மடக்கி அடைத்தேன். நூலை ஒரு ஆணியில் மாட்டி, மறு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன். மெதுவாகத்தான் போனது. மதினி சுற்றுகிற வேகத்தில் பாதி கூட வராது. ஆனால் என் பங்கை நான் சுற்றினேன்.

மூன்று கட்டு சேர்ந்ததும் பீடிக்கடைக்குப் போனேன். கடைக்காரரும் எங்கள் பக்கத்து ஆள்தான். வியாபாரக் குடும்பம், நெற்றியில் திருநீறு, பேச்சில் எப்போதும் பயம். அவரே சோதிப்பார். கட்டைக் கையில் நிறுத்தி, மேலாகக் கட்டைவிரலை ஓட்டுவார். இலையின் ஓரம் சுற்றி முடிகிற கோடு எல்லாப் பீடியிலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கடைகளில் வழக்கம். எல்லோரும் வலக்கைக்காரிகள் என்பதால் அது தானாகவே அமைந்துவிடும். நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவர் விரல் ஓடி, நின்றது.

"என்னம்மா இது, பூரா உல்டாவா இருக்கு?"

என் பீடிகளில் கோடு எதிர்ப்பக்கம் போயிருந்தது. இடக்கையால் தள்ளிச் சுற்றியது அப்படித்தான் போகும். நான் விஷயத்தைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். பெட்டியைப் பற்றியும் சொன்னேன். அங்கேதான் கெட்டது.

"மிஷினா?" அவர் குரல் கீச்சென்றது. "மிஷின் பீடின்னா சட்டம் வேற, வரி வேற தாயி. எவனாவது கேட்டா நா என்ன சொல்லுவேன்? உல்டாவா கட்டுல கலந்தா டூப்ளிகேட் மால்னு சரக்கு வாங்குத பார்ட்டி திருப்பி அனுப்புவான்."

"பத்த வச்சா அது எந்தப் பக்கம் சுத்துனதுன்னு நெருப்பு கேக்குமா முதலாளி?"

"நெருப்பு கேக்காது. பார்ட்டி கேப்பான்."

கழிவான பீடியை மறுபடி யாரும் கொண்டுவரக் கூடாது என்று கண் முன்னே முறித்துப் போடுவது கடை வழக்கம். என் மூன்று கட்டையும் அவிழ்த்து ஒவ்வொன்றாக முறித்தார். வரிசையில் இருந்த பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தரையைப் பார்க்கவில்லை. அவர் முறிக்கிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்தே தீர வேண்டும் என்று இருந்தது.

"சனிக்கெழம வரைக்கும் பாக்கேன். கையால சுத்துன நேர்ப் பீடியா கொண்டா. இல்லன்னா ஒன் பங்கு எல வேற ஆளுக்கு. மதினிகாரி சுத்தித் தாரதும் எனக்குத் தெரியாம இல்ல," என்றார்.

கோட்டைத் திருப்ப என்னவெல்லாமோ செய்தேன். துணியின் தொய்வை மறுபக்கம் மாற்றினேன். அப்போது பருத்த முனை என் வலக்கைப் பக்கம் வந்தது. தள்ளுகிற கை ஒரு பக்கம், கனம் மறுபக்கம், கம்பி கோணிக்கொண்டு இலையைக் கிழித்தது. பெட்டியைத் திருப்பி வைத்து இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் துணி மடங்குவதில்லை, விரிகிறது. நேராக வேண்டும் என்றால் வலக்கை வேண்டும். அது இல்லாததால்தானே இத்தனையும்.

வெள்ளிக்கிழமை மகன் வேலையிலிருந்து வந்து போனை நீட்டினான். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தான். கீழ் பெர்த்.

"யாரக் கேட்டு போட்ட?"

"யம்மா, கடையில நடந்தது கேள்விப்பட்டேன். அத்தன பேரு முன்னால முறிச்சுப் போட்டாராமே. எனக்கு அவமானமா இருக்கு."

"எனக்கு இல்ல," என்றேன். "முறிச்சவருக்குத்தான் இருக்கணும். நாளைக்கி சனிக்கெழம. அந்தப் பெட்டி கனம், எனக்கு ஒத்தக் கையால தூக்க முடியாது. கடை வரைக்கும் தூக்கிட்டு வா. அவரு இல்ல கெடையாதுன்னுட்டா அப்பறம் டிக்கெட்டப் பத்திப் பேசுவோம்."

ஒரு நாள்தானே என்று நினைத்திருப்பான். சரி என்றான்.

மதினியிடம் போய் என் பங்கு இலையைப் பற்றிச் சொன்னேன். இனிமேல் எனக்காகச் சுற்ற வேண்டாம், நான் உல்டாவாகவே சுற்றிக் கொண்டுபோகப் போகிறேன், நடப்பது நடக்கட்டும் என்றேன். மடியில் தட்டோடு இருந்தாள். தலை நிமிரவில்லை. "ஒனக்குத் திமிரு கொஞ்சமா நஞ்சமா," என்று மட்டும் சொன்னாள். வழக்கமாகப் பேசிக்கொண்டே கை ஓடும் அவளுக்கு. அன்றைக்கு அவள் கை என்னவோ தடுமாறிக்கொண்டிருந்தது. ஒன்றைச் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். என் மகன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். கடை வாசலிலேயே கடைக்காரர் சத்தம் கேட்டது. என்னைத் திட்டவில்லை, நான் இன்னும் உள்ளேயே போகவில்லையே. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒனக்கு என்னம்மா ஆச்சு? ஒனக்கும் கை போச்சா?"

அவள் கட்டில் பாதி நேர், பாதி உல்டா. அடுத்தவளின் கட்டை வாங்கினார். அதிலும் உல்டா. அதற்கடுத்தவள் கட்டு முழுக்கவே உல்டா. மதினியின் கட்டுகளை எடுத்து விரலை ஓட்டினார். அந்த விரல் ஓடவேயில்லை, நேர் உல்டா நேர் உல்டா என்று தட்டித் தட்டி நின்றது. என் பக்கம் திரும்பினார். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கே ஒன்றும் தெரியாது.

பிறகுதான் தெரிந்தது. சந்தில் எல்லா வாசலுக்கும் மதினி போயிருக்கிறாள். வருஷக்கணக்காக ஒரே திசையில் ஓடிப் பழகிய கைகள். திசையை மாற்றிச் சுற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று சுற்றுகிறவளுக்குத்தான் தெரியும். வேகம் போய்விடும், இலை கிழியும், விரல் கன்றும். அத்தனை பேரும் பாதிப் பாதி, சிலர் முழுக் கட்டையுமே, மாற்றிச் சுற்றியிருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த நொடியில் எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. தனியாக நின்று ஜெயிக்க வேண்டும் என்று வந்தவள் நான். "எனக்கு ஒருத்தரும் பிச்ச போட வேண்டாம் மயினி," என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டேன்.

மதினி என் முன்னால் வந்து நின்றாள். "ஒனக்குன்னா சுத்துனோம்? போட்டீ. நாளைக்கி எங் கை போச்சுன்னா நா எங்கட்டி போவேன்?"

நான் என் கட்டுகளை எடுத்து மேஜையில் அவர்கள் கட்டுகளோடு சேர்த்து வைத்தேன்.

கடைக்காரர் விடவில்லை. "மிஷின் பீடிய என் கடைக்குள்ள விட மாட்டேன்," என்றார், ஆனால் முன்பிருந்த கீச்சுக் குரல் இல்லை. நான் மகனிடம் பெட்டியை அவர் மேஜையில் வைக்கச் சொன்னேன். சுற்றிக் காட்டினேன்.

"இதுல மோட்டார் எங்க இருக்கு? வயர் எங்க இருக்கு? ஒரு துணி, ஒரு கம்பி. நாங்க எல வெட்டுத கத்திரிக்கோல் மிஷினா? தூள் பொடைக்கிற சொளகு மிஷினா? அதுகளயும் வேண்டாம்னு சொல்லுங்க, பல்லால வெட்டிக்கிடுதோம்."

யாரோ சிரித்தார்கள். அவர் பெட்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். கம்பியைத் தானே ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். பார்ட்டி திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று முணுமுணுத்தார். எங்கள் சந்துப் பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டால் பார்ட்டிக்கு எதை அனுப்புவார் என்பதையும் அவர் யோசித்திருக்க வேண்டும். மேஜை மேல் கட்டுகள் எல்லாம் கலந்து குவிந்து கிடந்தன. என்னுடையதையும் அதில் வைத்திருந்தேன்.

"சரி. இதுல ஒன் பீடி எது? அத மட்டும் எடுத்துக் காட்டு."

"முப்பது வருசமா செக்கிங் பண்ணுதீங்க," என்றேன். "கண்டுபிடிங்க முதலாளி."

அவர் ஒரு கட்டை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். கட்டைவிரலை ஓட்டினார். கடைசியில் எதையும் அவிழ்க்காமல் எல்லாவற்றையும் கூடைக்குள் தள்ளினார். ஒன்றைக்கூட முறிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் மகன் சுவரோரம் நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்ததும் டிக்கெட்டைத்தான் கேன்சல் செய்கிறான் என்று தெரிந்துவிட்டது.

கடைக்காரர் என் பங்கு இலையைக் கட்டி எடுத்தார். இடக்கையைத்தான் நீட்டுவேன் என்று நினைத்து அந்தப் பக்கமாகக் கொடுத்தார். நான் வலக்கையை நீட்டினேன். மடங்காத இரண்டு விரலும் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்க, மற்ற மூன்றுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இலையை வாங்கி இறுக்கிப் பிடித்தேன்.